பக்கத்திலிருந்து விழுந்த வெளிச்சம்

செத்தவர் முகத்தை நேரே ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்க முடியாது. செத்தவர் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறார். பெட்டிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி. கேமராவின் தலையில் ஃபிளாஷை மாட்டி அடித்தால் வெளிச்சம் அந்த மூடியில் பட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். படத்தில் மாலை தெரியும், மெழுகுவர்த்தி தெரியும், அழுகிறவர்கள் தெரிவார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை இருக்கும்.

அப்படி ஒரு படத்தை ஒரு ஆள் அம்பத்தூரில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் இருந்தது அவருடைய அப்பா. எடுத்தது வேறு யாரோ. கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடு என்றார். அந்த வெள்ளைக்குக் கீழே எதுவும் இல்லை, முகம் பதிவாகவே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"சினிமால இன்னான்னாவோ பண்றானுங்கோ. எங்க நைனா மூஞ்சிய எடுக்கத் தெரியாதா உனுக்கு?"

அவர் கோபமாகப் போனார். நான் திட்டியது படம் எடுத்தவனை. ஒரு மனுஷனுக்குக் கடைசிப் படம். அதில் முகம் இல்லை.

அதற்குப் பிறகுதான் ட்ரிக்கர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ஒன்று கேமராவின் தலையில் உட்காரும். இன்னொன்று ஃபிளாஷின் காலடியில். நடுவில் கம்பி கிடையாது, ரேடியோ அலைதான். இங்கே கேமராவை அமுக்கினால் அறையின் அந்த மூலையில் ஃபிளாஷ் எரியும். வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து சாய்த்துக் கொடுத்தால் மூடியில் பட்டது வேறு பக்கம் போய்விடும், முகம் தெளிவாக வரும். யூடியூபில் இதையெல்லாம் அழகான பெண்களை நிற்கவைத்துச் சொல்லித் தருகிறார்கள். நான் பிணங்களை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கும் அதே ட்ரிக்கர்தான் போகிறது. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மண்டபத்தில் வேறு தொல்லை. மாடியில் ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம். மேலே இருக்கிற ஃபோட்டோக்காரன் அமுக்கினால் கீழே என் ஃபிளாஷ் எரியும். எல்லாரிடமும் ஒரே சீனச் சாமான், எல்லாரும் டப்பாவில் வந்த ஒன்றாம் நம்பர் சேனலிலேயே ஓட்டுகிறார்கள். மாற்ற ஒருத்தனுக்கும் பொறுமை இல்லை. சாவு வீட்டில் அந்தப் பிரச்சினை கிடையாது. அங்கே இரண்டாவது ஃபோட்டோக்காரன் வரமாட்டான்.

நான் சொல்ல வந்தது பாரிவாக்கத்தில் ஒரு வீட்டைப் பற்றி.

கத்தோலிக்கக் குடும்பம். செத்தது அம்மா. கூப்பிட்டது மூத்த மகன். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். அவர்கள் வழக்கத்தில் அடக்கத்துக்கு முன்னால் குடும்பம் முழுவதும் செத்தவரைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அழுகையைக் கொஞ்சம் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, கேமராவைப் பார்த்து நிற்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எனக்கு இதில் ஒரு குறையும் தெரிவதில்லை. கல்யாணப் படத்தில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். இந்தப் படத்தில் நிற்கிறவன் சொந்தம். யார் பிள்ளை, யார் மருமகள், யார் பேரன் என்று குடும்பமே கையெழுத்துப் போடுகிற மாதிரி.

அதனால்தான் அதில் யார் நிற்கக் கூடாது என்பதும் அவர்களுக்கு முக்கியம்.

நான் போனபோது மத்தியானம். தெருவில் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் பால்கனியிலிருந்து இரண்டு பேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாமியானாவுக்குள் ஆம்பளைகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமே, உள்ள ஏசி மாதிரி கீது. கெழவி குடுத்துவெச்சவ."

"நீ போய் பட்துக்கோ. எடம் பத்தும்."

"நான் பட்த்தா ப்ளக்க புடுங்கி வுட்ருவானுங்க. கரண்டு பில்லு யார் கட்றது?"

அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். சின்ன ஹால். நடுவில் ஐஸ் பெட்டி. அம்மாவுக்கு வெள்ளைச் சேலை கட்டி, தலையில் வெள்ளை முக்காடு போட்டு, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். கூட்டத்தின் மூச்சும் வெளி வெக்கையும் சேர்ந்து மூடியின் மேல் பனி மாதிரி நீர் கோத்திருந்தது. முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

மூத்தவர் என்னிடம் வந்தார். சர்ச்சிலிருந்து சாமியார் நாலு மணிக்கு வருவார், வந்ததும் உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள், அப்போது கூட்டம் நெருக்கும், அதனால் படத்தை இப்போதே ஐஸ் பெட்டியோடு எடுத்துவிட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வெளிய கேட்டாண்ட ஒரு பொம்பள நிக்குது பார். நீலக் கலர் சுடிதார். அது படத்துல வரக் கூடாது. ஓரத்துல பூந்துகினு வந்தாலும் நிறுத்திடு."

"யாருங்க அது?"

"யாரோ."

யாரோ இல்லை. அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஒரே தங்கை. அவர் சொல்லவில்லை, பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சித்தி சொல்லிவிட்டார், கேட்காமலே, ஹாலுக்கே கேட்கிற மாதிரி.

"வந்துட்டா மவராசி. ஆத்தா கண்ண மூடட்டும்னு காத்துகினு இருந்தா போல."

தங்கை கேட்டிலிருந்தே பதில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"சித்தி, ஆஸ்பத்திரில சேத்தது நேத்து காலைல. நீங்க ஃபோன எடுத்தது இன்னிக்குக் காலைல."

 அதற்குமேல் பேசினால் எல்லாருடைய பங்கும் வெளியே வந்துவிடும்.

தங்கை கட்டிக்கொண்டவன் அதே கோயிலுக்கு வருகிறவன். அதே பலிபீடத்தில் நற்கருணை வாங்குகிறவன். ஜாதி வேறு, அவ்வளவுதான். அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்ததுகூட அவர்களுடைய சாமியார்தான். ஆனால் அண்ணனுக்கு அவள் அன்றைக்கே செத்துப்போனவள். பாடி ஏரியாவில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். அம்மா ரேஷன் கடைக்குப் போகிற வழியில் அவளோடு ஃபோன் பேசுவாராம். வீட்டுக்கு வருவதற்குள் அந்த நம்பரை அழித்துவிடுவாராம். புருஷன் தெரு முனையில் பைக்கின் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு நின்றான். நான் வரும்போதே பார்த்தேன். ஏதோ கூரியர்க்காரன் என்று நினைத்தேன்.

எனக்கு அவள் யாருமில்லை. ஆனால் ஸ்டாண்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அம்மாவோடு ஒரு கடைசிப் படம். அதற்குக்கூட ஜாதி பார்க்கிறான்.

ஃபிளாஷை ஸ்டாண்டின் உச்சியில் மாட்டி வெள்ளைக் குடையைப் பொருத்தினேன். அந்த ஹாலில் சுவர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தைகள் குறுக்கே ஓடின. யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் குடையில் காற்று பட்டு ஸ்டாண்டு பெட்டிமேல் சாயும்.

"யாராச்சும் ஒருத்தர் லைட்ட புடிச்சிக்கணும்" என்றேன்.

எல்லாரும் படத்தில் நிற்கிறவர்கள். ஷாமியானாவில் இருந்தவர்களைக் கூப்பிட்டால் டீயைக் காட்டினார்கள். மூத்தவர் இரண்டு பேரை விரட்டிப் பார்த்தார். சாவு வீட்டு லைட்டைத் தொட அவர்களுக்கு விருப்பமில்லை, எனக்கு அது பழக்கம். நான் கேட்டைப் பார்த்துச் சொன்னேன்:

"அந்தம்மா சும்மாதானே நிக்கிறாங்க. அவங்க புடிக்கட்டும். புடிக்கிறவங்க படத்துல வர முடியாது."

மூத்தவர் யோசித்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். படத்துக்கு வெளியே நிற்பதற்கு அவளுக்கு ஒரு வேலையும் கிடைத்த மாதிரி.

"புடிக்கட்டும். ஓரமா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அதுவரைக்கும் அவளை வாசற்படி தாண்ட விடவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே ஸ்டாண்டுக்கு வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்டிண்ணா புடிக்கணும்?"

"ஆடாம புடிமா. அது போதும்."

எங்கள் தொழிலில் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. நிஜப் படத்துக்கு முன்னால் வெளிச்சம் சரியாக விழுகிறதா, ட்ரிக்கர் எரிக்கிறதா என்று சும்மா நாலைந்து தடவை அமுக்கிப் பார்ப்போம். யாரையாவது அந்த இடத்தில் நிற்கவைப்போம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பதில் சமையல்காரர்கூட நிற்பார். அதைப் படம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நிற்கிறவரே நினைக்க மாட்டார்.

யாரும் பார்க்காமல் ட்ரிக்கரின் சுவிட்சை அணைத்தேன். கேமராவை அமுக்கினேன். ஃபிளாஷ் எரியவில்லை. திரும்பவும் அமுக்கினேன்.

"இன்னாபா, லைட்டு வர்லியா?" என்றார் மூத்தவர்.

"டெஸ்ட் பண்ணணும். மூடியும் வேர்த்துருக்கு, முகமே தெரியல. எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய போங்க. கூட்டம் இருந்தா இன்னும் வேர்க்கும்."

மூடி வேர்த்திருந்தது நிஜம்தான். அதனால் நம்பினார்கள். சித்திகூட முனகிக்கொண்டே எழுந்தார். மூத்தவர் மட்டும் வாசலில் நின்று அவளைப் பார்த்தார்.

"இது?"

"லைட்டு புடிக்க ஆள் வேணும்ல."

"டெஸ்ட்டுல எடுக்கறது இன்னாவும்?"

"அழிச்சிடுவோம். யாருக்கும் தர்றதில்ல."

அவர் போனார். நான் சொன்னது பொய். இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

குடையைக் கழற்றினேன். அவளிடமிருந்து ஸ்டாண்டை வாங்கி, ஃபிளாஷை மட்டும் உருவி இடது கையில் வைத்துக்கொண்டேன். ட்ரிக்கரைப் போட்டேன். வலது கையில் கேமரா. கம்பி இருந்தால் இப்படி ஒரு கை தூரத்தில் வெளிச்சத்தையும் இன்னொரு கையில் கேமராவையும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

"மூடிய தொடச்சி வுடுமா" என்றேன்.

அவள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. துப்பட்டாவால் மூடியைத் துடைத்தாள். முதலில் சேலை தெரிந்தது, அப்புறம் ஜெபமாலை, அப்புறம் முகம். முகம் வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டாள். நெற்றிக்கு மேலே கண்ணாடியில் கையை வைத்தாள். விரல்களை விரித்து, அழுத்தி. நான் அமுக்கினேன். ஃபிளாஷ் எரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து மூடியின்மேல் கன்னத்தை வைத்தாள். அமுக்கினேன்.  இங்கே பார், அங்கே பார் என்று சொல்கிற வாய் எனக்கு, அன்றைக்குத் திறக்கவில்லை.

"கையெல்லாம் சில்லுன்னு இருக்குண்ணா" என்றாள். 

வாசலில் மூத்தவர் இருமினார். அவள் நிமிர்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

ஃபிளாஷையும் குடையையும் திரும்ப ஸ்டாண்டில் மாட்டினேன். எல்லாரும் உள்ளே வந்து நின்றார்கள். மூத்தவர் தலைமாட்டில், அவர் மனைவி, பிள்ளைகள், சித்தி, சித்தியின் மருமகள். கூட்டம் வந்ததும் மூடி திரும்பவும் வேர்த்தது. துடைக்கச் சொன்னேன். நாலு பேர் நாலு பக்கம் பார்த்தார்களே தவிர யாரும் கை வைக்கவில்லை. நானே துடைத்தேன், ஐந்து விநாடியில் திரும்பவும் மங்கியது. அமுக்கினேன். குடைக்குப் பின்னால் நின்றவள் ஸ்டாண்டை ஆடாமல் பிடித்திருந்தாள். அந்தக் குடும்பப் படத்தில் எல்லார் முகத்திலும் விழுந்திருக்கும் வெளிச்சம் அவள் பிடித்தது. யாருக்கும் அது உறைக்கவில்லை. அண்ணன் முகம் நன்றாக வந்திருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

படம் முடிந்ததும் சித்தி கேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். சாமியார் வந்து ஜெபம் சொல்லும்போது தெருவில் நின்றாள். புருஷன் முனையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். கல்லறைக்கு எல்லாரும் வேனில் போனார்கள், அவர்கள் பைக்கில் பின்னால் போனார்கள். போவதற்கு முன்னால் அவள் நம்பரை வாங்கிக்கொண்டேன். கன்னத்தை வைத்திருந்த படத்தை அன்று சாயங்காலமே அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு நீலக் கோடு மட்டும் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து மூத்தவர் கடைக்கு வந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும், அம்மா முகம் மட்டும் பெரிதாக வேண்டும் என்றார். ஆதார் அட்டையில் இருக்கிற முகம் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி இருக்கிறது. மற்றபடி அம்மா சிரிக்கிற படமெல்லாம் மகளோடு எடுத்தது. அவற்றை இவர் எப்போதோ கிழித்துவிட்டார். இதை அவரே சொன்னார், ஏதோ குப்பையைக் கூட்டியதைச் சொல்கிற மாதிரி.

திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். குடும்பப் படத்தில் முகம் பனிக்குள் இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவைத் தனியாக எடுத்தவற்றிலும் அப்படித்தான். ஒன்றே ஒன்றுதான் தெளிவு. அம்மா தூங்குகிற மாதிரி, கண் இமையின் ஓரச் சுருக்கம்வரை தெரிகிற படம். அதை நான் வேண்டுமென்றுதான் அந்தப் படங்களோடு வைத்திருந்தேன். மேல் ஓரத்தில் விரல்கள் இருந்தன.

"இது நல்லா கீது. எங்கம்மாவே தான். இத்தயே போடு" என்றார். அப்புறம் திரைக்குப் பக்கத்தில் போனார். "இது யார் கை?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அழிச்சிடுவேன்னு சொன்னியே."

"சொன்னேன். அவங்க தொடச்சதாலதான் முகம் தெரியுது. நீங்க யாரும் தொடக்கல."

"அந்தப் பேச்செல்லாம் வாணாம். கைய எட்த்துட்டு அட்ச்சிக் குடு."

"எடுக்க மாட்டேன்."

"காசு குடுக்கறவன் நானு."

"குடுங்க, குடுக்காதீங்க. கைய எடுக்க மாட்டேன். வேற கடைக்குப் போங்க. அவன் எட்த்துத் தருவான்."

"ஃபோட்டோக்காரனுக்கு இன்னா இவ்ளோ ரோஷம்? உன் ஊட்டு விசயமா இது?"

"இல்லீங்க. உங்க ஊட்டு விசயம்தான். அதான் பார்க்க சகிக்கல."

பென் டிரைவை நீட்டினார். படம் அவர் கேட்டு எடுத்தது, காசு கொடுத்து எடுத்தது. போட்டுக் கொடுத்தேன். போகும்போது என் கடையைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே போனார். நான் பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது.

முப்பதாம் நாள் முடிந்தபிறகு ஒரு நாள் தங்கை கடைக்கு வந்தாள். பூசைக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் கோயில் பொதுதானே, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அட்டை கொடுத்துக்கொண்டு வந்த பையனுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. அவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டான்.

"இதை லேமினேட் பண்ணித் தருவீங்களாண்ணா?"

வாங்கிப் பார்த்தேன். வேறு கடைக்காரன் நன்றாகத்தான் வேலை செய்திருந்தான். விரல்கள் இருந்த சுவடே இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தலையணையை நிரப்பியிருந்தான். கீழே பெயர், தோற்றம், மறைவு, ஒரு வசனம், குடும்பத்தாரின் பெயர்கள். அதில் அவள் பெயர் இல்லை.

அப்புறம் முகத்தைப் பார்த்தேன். வெளிச்சம் எங்கிருந்து வந்ததென்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாது. கேமராவின் தலையிலிருந்து ஃபிளாஷ் அடித்திருந்தால் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடும். நான் அடித்தது பக்கத்திலிருந்து, குடைகூட இல்லாமல். கண்ணாடியின்மேல் வைத்த விரல்களின் நிழல் உள்ளே இறங்கி அம்மாவின் கன்னத்தில் விழுந்திருந்தது. நாலு கோடு. காதுப் பக்கம் ஆரம்பித்து வாய் ஓரம்வரை. பார்க்கிறவர்கள் முக்காட்டு மடிப்பின் நிழல் என்றுதான் நினைப்பார்கள். அவன் கையை எடுத்துவிட்டான். கையின் நிழலை விட்டுவிட்டான்.

அட்டையை அவள் பக்கம் நீட்டி அந்தக் கோடுகளைத் தொட்டுக் காட்டினேன். 

"இது இன்னா தெரியுதாமா?"

அவள் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தெருவில் பஸ் ஒன்று விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"என் கையா?"

"ஆமா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டாரு."

"எல்லாருக்கும் இதான் குடுத்தாங்க. சித்திக்கு, எல்லாருக்கும். ஹால்ல பெருசா மாட்டிருக்காங்களாம்." அட்டையைத் திரும்ப என்னிடம் நீட்டினாள். "சொல்லிடாதீங்கண்ணா."

"நான் எதுக்குமா சொல்றேன்."

லேமினேட் செய்து கொடுத்தேன். சூடு ஆறுவதற்குள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவுக்கே ஒருத்தி சிரிக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான் என்று இதைக் கேட்ட ஒரு சிநேகிதன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஹாலில் ஃபிளாஷ் என் கையில் இருந்தது, வெளிச்சத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. அவளை அம்மாவின் தலைமாட்டில் நிற்கவைக்க மட்டும் என்னால் முடியவில்லை. அந்த இடத்தில் அண்ணன் நின்றான்.